மனசாட்சியிலிருந்து சாட்சிக் கூண்டு வரை: இந்தித் திரைக்கதை எழுத்தாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மும்பையில் இந்திப் படங்களுக்குக் கதையும் திரைக்கதையும் வசனமும் எழுதுகிற அன்பர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் திரும்பத் திரும்ப எழுதும் கதை ஒன்று உண்டு. பேரும் புகழும் உள்ள ஒருவர்: நடிகர், பாடகர், தொலைக்காட்சி முகம், பெரிய வீட்டு மருமகள். அவர் கண் முன்னால் ஓர் அநியாயம் நடக்கிறது. செய்தவர் வேண்டப்பட்டவர், அல்லது யாரும் தொட முடியாத இடத்துப் பிள்ளை. வாயைத் திறக்காமல் இருந்தால் எதையும் இழக்க வேண்டியதில்லை. இடைவேளை வரை அவர் வாயைத் திறப்பதில்லை. பிறகு தூக்கம் வராத ஓர் இரவு, ஒரு கண்ணாடி, இறந்த பெண்ணின் தாய் முகம். மறுநாள் நீதிமன்றப் படியேறிக் கூண்டில் நின்று ஆறு நிமிடம் பேசுகிறார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வியர்க்கிறது. நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். தீர்ப்பு.

இந்தக் கதை எங்களுக்குப் பிடிக்கும். தமிழில் குரல் மாற்றியும் தமிழிலேயே மறுபடி எடுத்தும் இங்கேயும் வீட்டுக்கு வீடு பார்க்கிறார்கள். நாங்கள் விசாரணை நீதிமன்றங்களில் சாட்சிகளோடு வேலை செய்கிறவர்கள். நீதிமன்றம் எப்படி இருக்கும் என்பதைச் சாட்சிகள் பெரும்பாலும் உங்கள் படங்களில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டு வருகிறார்கள். வந்து பார்த்தால் எல்லாமே வேறாக இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

மனசாட்சி என்கிற எங்கள் சொல்லுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. மனசு சாட்சியாகும் கட்டத்தை நீங்கள் அழகாக எழுதுகிறீர்கள். அந்த மனிதர் சாட்சியாகும் கட்டம் உங்கள் படங்களில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நிஜத்தில் அது ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. முடிவெடுத்த நாளுக்கும் கூண்டேறும் நாளுக்கும் நடுவில்தான் ஆட்கள் உடைகிறார்கள், விலை போகிறார்கள், செத்தும் போகிறார்கள். அந்த நடுப்பகுதியை எழுதுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். அதற்கு வேண்டிய சரக்கைக் கீழே வைக்கிறோம்.

முதலில் காவல் நிலையம். உங்கள் படங்களில் இன்ஸ்பெக்டர் ஒரு தாளை நகர்த்தி, "கையெழுத்துப் போடுங்க" என்பார். நாயகனின் பேனா நடுங்கும். சட்டம் சொல்வது நேர் எதிர். விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்தை வாங்கக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 161, 162ஆம் பிரிவுகள். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 180, 181. போலீஸ் தனக்கு வேண்டியதை எழுதி மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிடக் கூடாது என்பதற்காக வந்த பாதுகாப்பு இது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்தத் தாள் சாட்சியம் ஆகாது. பின்னாளில் சாட்சி மாற்றிச் சொன்னால், "அன்றைக்கு இப்படிச் சொன்னாயே" என்று முரண்பாட்டைக் காட்ட மட்டுமே உதவும். கையெழுத்தும் இல்லாததால், "நான் அப்படிச் சொல்லவே இல்லை, அவர்களே எழுதிக்கொண்டார்கள்" என்று சொல்லிவிடுவது சாட்சிக்கு மிகச் சுலபம்.

பெண் சாட்சியை இரவில் நிலையத்துக்கு வரவழைத்து உட்கார வைக்கும் காட்சி ஏறக்குறைய எல்லாப் படத்திலும் வருகிறது. பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடுமையாக நோயுற்றவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. காட்சியை எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது சட்டமீறல் என்று தெரிந்த ஒருத்தரையாவது அந்த அறையில் நிறுத்துங்கள். பார்க்கிற ஆயிரம் பெண்களுக்கு அது உதவும்.

நாடகத்துக்கு இதைவிட நல்ல இடம் மாஜிஸ்திரேட் முன் தரும் வாக்குமூலம். பழைய 164, புதிய 183. இங்கே சத்தியப் பிரமாணம் உண்டு, கையெழுத்தும் உண்டு. பத்தாண்டோ அதற்கு மேலோ, ஆயுளோ, மரண தண்டனையோ வரக்கூடிய குற்றங்களில், போலீஸ் அழைத்து வரும் சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் பதிந்தே ஆகவேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. இங்கே சொன்னதை அப்புறம் மாற்றினால் பொய்ச் சாட்சி வழக்கு வாசலில் நிற்கும். உங்கள் நாயகன் புகழையும் மனசாட்சியையும் தராசில் வைக்கும் தருணம் இதுதான். கூட்டமில்லாத சிறிய அறை, ஒரு மாஜிஸ்திரேட், ஒரு தட்டச்சர், கைதட்ட யாரும் இல்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: இங்கே சொன்னதும் தனியாக நிற்காது. விசாரணை நீதிமன்றத்துக்கு வந்து, குற்றம் சாட்டப்பட்டவர் கேட்க, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்லியாக வேண்டும்.

அடுத்தது, வில்லனுக்குச் சாட்சியின் வீடு எப்படித் தெரிந்தது என்கிற கேள்வி. உங்கள் படங்களில் விலைபோன ஏட்டு ஒருவர் போனில் சொல்லிவிடுவார். அவ்வளவு சிரமமே தேவையில்லை. குற்றப்பத்திரிகை தாக்கலாகிக் குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜரானதும், சாட்சிகளின் வாக்குமூல நகல் எல்லாவற்றையும் நீதிமன்றமே அவர் கையில் கொடுக்கும். புதிய சட்டம் அதற்கு 14 நாள் கெடு வைத்திருக்கிறது. தன் மேல் என்ன குற்றச்சாட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் ஒருவர் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. ஆகவே இது நியாயமான ஏற்பாடு. ஆனால் மிரட்டலும் பேரமும் தொடங்கும் தேதி அன்றுதான். வாக்குமூலத்தின் ஒரு பகுதியை மறைத்துக் கொடுக்கும்படி போலீஸ் மாஜிஸ்திரேட்டைக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. கேட்காமல் விட்டுவிடுவதால் விபரீதம் நேர்கிறது. சட்டப்படி நியாயமாக நடந்த ஒரு காரியமே சாட்சியின் கழுத்துக்குக் கத்தியாவதைவிடப் பெரிய திருப்பம் விலைபோன ஏட்டில் இல்லை.

மிரட்டல் வந்துவிட்டது. உங்கள் நாயகன் என்ன செய்கிறான்? ஒன்று, தனியாக ஐம்பது அடியாட்களை அடிக்கிறான். இல்லையென்றால் ஊரை விட்டு ஓடுகிறான். 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் மகேந்தர் சாவ்லா வழக்கில் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை ஏற்று, நாடு முழுக்க அது சட்டம் போலவே பின்பற்றப்பட வேண்டும் என்று சொன்னது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 398ஆம் பிரிவு ஒவ்வொரு மாநிலமும் இப்படி ஒரு திட்டத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது. ஒரு திரைப்பட நாயகன் இந்த மனுவைப் போட்டு நாங்கள் பார்த்ததில்லை. நடைமுறை இதுதான்.

மாவட்டந்தோறும் ஒரு குழு. மாவட்ட அமர்வு நீதிபதி தலைவர், மாவட்டக் காவல்துறைத் தலைவர் உறுப்பினர், அரசு வழக்கு நடத்தும் துறையின் மாவட்டத் தலைவர் உறுப்பினர் செயலர். செயலரிடம் மனு கொடுக்க வேண்டும். அந்த உட்கோட்டத்தின் டிஎஸ்பி அல்லது உதவி ஆணையர் ஆபத்தை எடைபோட்டு ஐந்து வேலை நாளுக்குள் அறிக்கை தரவேண்டும். மூன்று வகை: உயிருக்கே ஆபத்து என்றால் 'ஏ', உடல் பாதுகாப்புக்கோ பெயருக்கோ சொத்துக்கோ ஆபத்து என்றால் 'பி', தொல்லை, மிரட்டல் அளவில் என்றால் 'சி'. அறிக்கை வந்த ஐந்து வேலை நாளுக்குள் மனு மீது முடிவு. விசாரணை மூடிய அறையில். கிடைக்கக்கூடியவை: வீட்டில் கேமராவும் அலாரமும், ரோந்து, தொலைபேசிக் கண்காணிப்பு, தற்காலிக இடமாற்றம், அரசு வண்டியில் நீதிமன்றத்துக்குப் போய்வரக் காவல், குற்றம் சாட்டப்பட்டவர் முகம் தெரியாதபடி திரை, குரல் மாற்றிச் சாட்சி சொல்லும் வசதி, மிக அரிதாகப் புதிய அடையாளம்.

எங்கே பிசகும்? பாதுகாப்பு ஒரு தடவைக்கு மூன்று மாதத்துக்கு மேல் கிடையாது. நீட்டிக்க மறுபடி கேட்க வேண்டும். வழக்கோ ஆண்டுக்கணக்கில் போகும். ஆபத்து அறிக்கையை எழுதுவது போலீஸ். எதிராளிக்குச் செல்வாக்கு அந்த நிலையத்திலேயே இருந்தால், 'ஏ' ஆக வேண்டியது 'சி' ஆகிவிடும். காவலுக்கு வரும் கான்ஸ்டபிளை வைத்துக்கொண்டு ஒரு சாட்சி மளிகைக் கடைக்குப் போவது எப்படி, பிள்ளையைப் பள்ளியில் விடுவது எப்படி, அக்கம்பக்கத்தார் அவரை எப்படிப் பார்ப்பார்கள்? முழுப் படத்துக்கே இங்கே இடமிருக்கிறது. புகழ் பெற்றவருக்கு ஏற்கெனவே மெய்க்காவலர் உண்டு. அதே வழக்கில் இரண்டாவது சாட்சியாக இருக்கும் உணவு பரிமாறும் பையனுக்கு யாருண்டு? உங்கள் கதையை அந்தப் பையன் பக்கத்திலிருந்து ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.

வாய்தாவைப் பற்றி ஏராளமான வசனம் எழுதிவிட்டீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறோம். சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால் நாள்தோறும் தொடர வேண்டும் என்பதே சட்டம். புதிய 346ஆம் பிரிவு, தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலும் ஒரு தரப்புக்கு இரண்டு ஒத்திவைப்புக்கு மேல் கூடாது என்கிறது. நடப்பது வேறு. வினோத் குமார் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் மனம் நொந்து எழுதிய தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். அதில் முக்கியச் சாட்சியின் முதல் விசாரணை, அதாவது அவரை அழைத்த அரசுத் தரப்பே கேள்வி கேட்பது, 1999 செப்டம்பரில் முடிகிறது. எதிர்த்தரப்பு கேள்வி கேட்கும் குறுக்கு விசாரணை 2001 மே மாதம். நடுவில் 20 மாதம். முதல் விசாரணையில் அரசுத் தரப்பை முழுதாக ஆதரித்தவர், குறுக்கு விசாரணையில் தலைகீழாக மாற்றிச் சொன்னார். அந்த 20 மாதத்தில் அவர் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதைக் கற்பனை செய்வதுதான் உங்கள் தொழில்.

இப்போது கூண்டு. இங்கேதான் உங்களுக்குச் சொல்ல எங்களிடம் அதிகம் இருக்கிறது.

நம் விசாரணை நீதிமன்றத்தில் சாட்சி ஆறு நிமிடம் பேச முடியாது. முதல் விசாரணையில் அரசு வழக்கறிஞர் கேள்வி கேட்பார். பதிலை வாயில் ஊட்டும் கேள்வி கூடாது. சாட்சி ஒரு வாக்கியம் சொல்வார். நீதிபதி கையைக் காட்டி நிறுத்துவார். அந்த வாக்கியத்தைத் தம் சொற்களில் மாற்றி, பெரும்பாலும் ஆங்கிலத்தில், பக்கத்தில் இருக்கும் தட்டச்சருக்குச் சொல்வார். விசைப்பலகைச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் அடுத்த கேள்வி. கேள்வி பதிவாகாது, பதில் மட்டும் சாட்சியே தொடர்ச்சியாகப் பேசியதுபோல ஏறும். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் படிக்கப்போவது சாட்சியின் குரலை இல்லை, இந்தத் தாளைத்தான்.

சாட்சி இந்தியில் "இருட்டாத்தான் இருந்தது, ஆனா குரல் அவரோடதுதான்" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளில் "இருட்டாக இருந்தது, குரலை வைத்து அடையாளம் கண்டேன்" என்று ஏறினால் வழக்கு நிற்கும். "இருட்டாக இருந்ததால் முகத்தைப் பார்க்கவில்லை" என்று ஏறினால் பாதி போயிற்று. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் விலை போகவில்லை. ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும்போது சாட்சியம் நழுவியது. சாட்சி சொல்லி முடித்ததும் பதிவானதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், தவறு இருந்தால் திருத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவசரத்தில் பல நேரம் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவதோடு அது முடிந்துவிடுகிறது. இந்த உரிமை இருப்பது பெரும்பாலான சாட்சிகளுக்குத் தெரியாது.

அரங்கம் அமைக்கும் கலை இயக்குநருக்கும் இரண்டு வார்த்தை. மரச் சுத்தியலைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள். இந்திய நீதிபதிகள் அதைத் தட்டுவதில்லை. கீதைமேல் கைவைத்துச் சத்தியம் செய்வதும் வேண்டாம். 1969ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டப்படி, கடவுள் பெயரால் சொல்லலாம் அல்லது உளமார உறுதி கூறலாம், எந்த நூலும் தேவையில்லை. ஜூரியும் கிடையாது, 1959இல் மும்பையில் கடற்படை அதிகாரி நானாவதியை எட்டுக்கு ஒன்று என்று விடுவித்த ஜூரியோடு அந்த முறையின் மதிப்பு சரிந்தது, 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடமே இல்லாமல் போனது. கூட்டத்தை மட்டும் வையுங்கள். அந்த அறையில் அன்றைக்குப் பட்டியலில் இருக்கும் மற்ற வழக்குகளின் ஆட்களும் காத்திருப்பார்கள். உங்கள் நாயகன் வாழ்க்கையைப் பணயம் வைத்துப் பேசும்போது, பின் வரிசையில் ஒருவர் தன் வழக்கு எண் எப்போது வரும் என்று பெஞ்ச் கிளார்க்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அலட்சியத்துக்கு நடுவே உண்மையைச் சொல்வதற்குத்தான் தைரியம் வேண்டும்.

பிறழ்சாட்சி. இந்தச் சொல்லை வில்லத்தனத்தின் மறுபெயராக மட்டும் வைத்திருக்கிறீர்கள். நடைமுறையைப் பாருங்கள். சாட்சி மாற்றிச் சொல்கிறார். அரசு வழக்கறிஞர் எழுந்து, தன் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்கிறார். கிடைக்கிறது. போலீஸ் எழுதிய வாக்குமூலத்தை எடுத்து, இந்தப் பகுதியைச் சொன்னீர்களா இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். மறுக்கப்பட்ட பகுதி 'ஏ' என்று, அடுத்தது 'பி' என்று குறியிடப்படுகிறது. அதோடு முடியவில்லை. பல மாதம் கழித்து விசாரணை அதிகாரி கூண்டேறும்போது, "இந்த 'ஏ' பகுதியை அந்தச் சாட்சி உங்களிடம் சொன்னாரா?" என்று மறக்காமல் கேட்டு நிரூபிக்க வேண்டும். அரசு வழக்கறிஞர் அந்த ஒரு கேள்வியை மறந்தால் முரண்பாடு நிரூபணமாகாது. கையில் நூறு கட்டு வைத்திருக்கும் ஒரு வழக்கறிஞர் அதை மறப்பதற்கு லஞ்சம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இன்னொன்று: சாட்சி பிறழ்ந்துவிட்டால் அவர் சொன்னது முழுக்கக் குப்பைக்குப் போவதில்லை. 1975இல் சத் பால் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. நம்பத்தகுந்த பகுதியைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். பாதி உடைந்த சாட்சி, பாதி உண்மை, அதை வைத்துக்கொண்டு போராடும் ஒரு நீதிபதி. முழு நல்லவன், முழுத் துரோகி என்கிற உங்கள் இரண்டு பாத்திரங்களுக்கு நடுவில் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

புகழும் சாட்சியமும் மோதிய இடத்துக்கு ஜெசிகா லால் வழக்கைவிடத் தெளிவான பாடம் இல்லை. 1999 ஏப்ரல் 29 நள்ளிரவு தாண்டி, தில்லி மெஹ்ரோலியில் ஒரு விருந்தில் மாடலான ஜெசிகா சுட்டுக் கொல்லப்பட்டார். முதல் தகவல் அறிக்கை எழுதப்பட்டதே, அவரோடு வேலை செய்த ஓர் இளம் மாடலின் வாக்குமூலத்தை வைத்துத்தான். நீதிமன்றத்தில் அவர், அது இந்தியில் எழுதப்பட்டது, தனக்கு இந்தி எழுதப் படிக்கத் தெரியாது என்றார். சுட்டது ஒருவர் இல்லை, இரண்டு பேர் என்றார். பிறகு இந்திப் படங்களில் நடித்தார். 2006 பிப்ரவரி 21 அன்று விசாரணை நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்தது. தில்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் முதன்மைக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2010 ஏப்ரல் 19 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2013இல் அந்தச் சாட்சி மீது பொய்ச் சாட்சி வழக்குத் தொடர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மெழுகுவத்தி ஊர்வலம் வழக்கைக் காப்பாற்றியது என்று எல்லாரும் சொல்வார்கள். தீர்ப்பைப் படித்தால் வேறொன்றும் தெரியும்: விருந்து நடத்திய குடும்பத்தார் ஏழு ஆண்டும் சொன்னதையே சொன்னார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் கால் ஊன்றி நிற்க அந்தச் சாட்சியம் இருந்தது. ஊர்வலம் மட்டும் இருந்து அது இல்லாமல் போயிருந்தால் எதை வைத்துத் தண்டிப்பது?

இனிச் சொல்லப்போவது உங்கள் ஊரிலேயே, உங்கள் தொழிலுக்கு மிக அருகில் நடந்தது. 2002 செப்டம்பர் 28 அதிகாலை, பாந்திராவில் ஒரு கார் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது ஏறியது. ஒருவர் இறந்தார். புகார் கொடுத்தவர் அந்தக் காரிலேயே இருந்த போலீஸ் கான்ஸ்டபிள். புகழ்பெற்ற நடிகர் ஒருவருக்கு மெய்க்காவலராக நியமிக்கப்பட்டவர். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கவனக்குறைவால் மரணம் விளைவித்த வழக்காக அது நடந்தபோது சாட்சி சொன்னார். இடையில் ஆஜராகாமல் போய்ப் பிடிவாரண்ட்டில் கைதானார், வேலை போனது, 2007 அக்டோபரில் காசநோயில் இறந்தார். அதற்குப் பின்னர், 2013இல், வழக்கு இன்னும் கனமான பிரிவுக்கு மாறி அமர்வு நீதிமன்றம் போனது. எல்லாச் சாட்சிகளையும் புதிதாக விசாரித்தார்கள். இறந்தவரை எங்கே போய் அழைப்பது? பழைய சாட்சியத்தை அமர்வு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு 2015 மே 6 அன்று அந்த நடிகருக்கு ஐந்தாண்டு தண்டனை விதித்தது. 2015 டிசம்பர் 10 அன்று மும்பை உயர் நீதிமன்றம், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று நடிகரை விடுவித்தது. கான்ஸ்டபிளின் பழைய சாட்சியத்தை இந்த விசாரணையில் சேர்த்திருக்கக் கூடாது, அது முழுதாக நம்பத்தக்கதாகவும் இல்லை என்றது.

தீர்ப்பின் சரி தவறை இங்கே பேசவில்லை. சட்டத்தின் காரணத்தைக் கவனியுங்கள். இறந்த சாட்சி முன்பு சொன்னதைப் பின்னொரு விசாரணையில் எடுத்துக்கொள்ள நிபந்தனைகள் உண்டு. பழைய சாட்சியச் சட்டத்தில் 33, புதியதில் 27ஆம் பிரிவு. தரப்புகள் அதே தரப்புகளாக இருக்க வேண்டும். எதிர்த்தரப்புக்குக் குறுக்கு விசாரணை செய்ய உரிமையும் வாய்ப்பும் அப்போதே இருந்திருக்க வேண்டும். இரண்டு விசாரணையிலும் முடிவு செய்ய வேண்டிய கேள்வி சாரத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். கவனக்குறைவா என்று கேட்ட வழக்கில் ஒருவரைக் குறுக்கு விசாரணை செய்வதும், மரணம் நேரும் என்று தெரிந்தே செய்தாரா என்று கேட்கிற வழக்கில் செய்வதும் ஒன்றில்லை. ஒரு மனிதர் சொன்ன சொல், அவர் போன பிறகு, பிரிவு எண் மாறியதால் காற்றில் நிற்கிறது. புகழ், மனசாட்சி, அநியாயம் என்ற மூன்றையும் எழுத விரும்பும் உங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? சாட்சி உயிரோடிருக்கும்போதே சரியான பிரிவில், சரியான நீதிமன்றத்தில், குறுக்கு விசாரணையோடு அவரை முடித்துவிட வேண்டும் என்று ஓர் இளம் அரசு வழக்கறிஞர் காலத்தோடு ஓடும் கதையை எழுதுங்கள். துப்பாக்கியே தேவைப்படாத த்ரில்லர் அது.

நட்சத்திர வக்கீல். பாதிக்கப்பட்ட பெண்ணுக்காக வாதாட ஒரு பெரிய நடிகர் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வருவார், எதிரியைக் குறுக்கு விசாரணையில் கிழிப்பார். குற்ற வழக்கை நடத்துவது அரசு. நடத்துபவர் அரசு வழக்கறிஞர். பாதிக்கப்பட்டவர் வைக்கும் வழக்கறிஞர் அவருக்கு உதவலாம், சாட்சியம் முடிந்த பின் நீதிமன்ற அனுமதியோடு எழுத்துமூல வாதம் தரலாம். வாய்மொழியாக வாதாடவோ சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவோ முடியாது என்று ரேகா முரார்கா வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் நட்சத்திரத்தை அரசு வழக்கறிஞராகவே எழுதிவிடுங்கள். மோசமான சம்பளம், உடைந்த நாற்காலி, ஒத்துழைக்காத போலீஸ் எல்லாம் சேர்ந்தே வரும். இல்லையென்றால், பேச முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்து துண்டுச் சீட்டு எழுதி நீட்டும் வழக்கறிஞராக எழுதுங்கள். பெரிய நடிகர் ஒருவர் வாயைத் திறக்காமல் அந்தக் காட்சியைச் சுமப்பதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

கடைசி நேரப் பென் டிரைவ். கதவு திறக்கும், யாரோ ஓடி வருவார்கள், திரையில் வீடியோ ஓடும், வழக்கு முடியும். மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவு. 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில், மூலக் கருவியையே கொண்டுவந்து காட்டினால் தவிர இது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் சான்றிதழ் இரண்டு பாகம்: ஒன்றைக் கருவியை வைத்திருந்தவர் தரவேண்டும், இன்னொன்றை நிபுணர். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்ணான ஹாஷ் மதிப்பும் அதில் இருக்க வேண்டும். நடுவில் யாராவது வீடியோவை ஒரு நொடி வெட்டியிருந்தாலும் அந்த எண் மாறிவிடும். ஹோட்டல் மேலாளர் கேமராப் பதிவைக் கொடுத்துவிட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போட மறுக்கிறார். உரிமம் போய்விடும் என்று பயம். கையில் உண்மை இருக்கிறது, நீதிமன்றத்துக்குள் நுழைய அதற்குச் சீட்டு இல்லை. அவரைப் போய்ப் பார்க்கும் காட்சியை எழுதுங்கள்.

பாலியல் வன்முறை வழக்குகளைப் பற்றிக் கோபத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் அதை நிரம்பிய அரங்கில் எடுக்கிறீர்கள். பின்வரிசைச் சிரிப்பையும் சேர்த்து. எதிர்த்தரப்பு வக்கீல் அவளுடைய பழைய உறவுகளைக் கேட்டுக் குடைவார். பாதிக்கப்பட்டவரின் பாலியல் கடந்த காலத்தைப் பற்றிக் கேட்கச் சட்டம் தடை போட்டிருக்கிறது. அருவருப்பான, அவமதிக்கும் கேள்விகளை நீதிபதி தடுக்க முடியும். பாதிக்கப்பட்டவர் உடலுறவுக்குப் பழகியவரா என்று பார்ப்பதாகச் சொல்லும் இரு விரல் சோதனையைச் செய்பவர் முறைகேடான நடத்தை புரிந்தவராவார் என்று 2022 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிட்டால் இரண்டாண்டு வரை சிறை. 2018இல் நிபுண் சக்சேனா வழக்கு இதை இன்னும் இறுக்கியது. ஆனால் உங்கள் படத்தில் பத்திரிகையாளர்கள் அவள் முகத்தில் ஒலிவாங்கியை நீட்டுகிறார்கள், நாயகன் அதைத் தள்ளிவிடுகிறான், அதுவே வீரமாகிறது. படத்தைப் பார்த்துவிட்டுப் புகார் கொடுக்காமல் வீட்டில் உட்கார்ந்துவிடும் பெண் ஒருத்தி இருந்தால், உங்கள் வசனம் எவ்வளவு நல்லதாக இருந்தும் அவளுக்கு என்ன பயன்? மூடிய அறை, ஒரு திரை, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள ஒரு துணையாள், தனி வாசல் என்று பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்கான சாட்சிய மையங்கள் அமைக்க 2017இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த அறையைப் படத்தில் காட்டுங்கள். இல்லாத ஊரில் ஏன் இல்லை என்று யாராவது கேட்பார்கள்.

எழுதத் தொடங்குமுன் ஒன்று செய்யுங்கள். உங்கள் கதையின் வழக்குக்கு ஒரு நாள்காட்டி போடுங்கள். முதல் தகவல் அறிக்கை, மாஜிஸ்திரேட் வாக்குமூலம், 60 அல்லது 90 நாள் கெடு, அதற்குள் குற்றப்பத்திரிகை வராததால் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைக்கும் பிணை, நகல் கொடுத்த தேதி, முதல் சம்மன், சாட்சியை விசாரிக்காமல் திருப்பி அனுப்பிய நாள்கள். ஒவ்வொரு தேதியிலும் உங்கள் சாட்சி என்ன வேலையில் இருந்தார், யார் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள், எந்தப் படம் கைநழுவியது என்று பக்கத்தில் எழுதுங்கள். விசாரணை நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவரிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள். அரங்கம் போட்ட பிறகு படப்பிடிப்பு நாளில் அழைத்து, "இங்கே மை லார்டா, யுவர் ஆனரா?" என்று கேட்பதில் பயனில்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு, தேசிய எண் 15100 என்பதைப் படம் முடியும்போது ஒரு அட்டையில் போடுங்கள். நான்கு நொடி போதும்.

ஒரே ஒரு காட்சி மட்டும் எழுத முடியும் என்றால் இதை எழுதுங்கள். மாலை ஐந்து மணி. குறுக்கு விசாரணை முடிந்துவிட்டது. புகழ்பெற்ற அந்த மனிதர் களைத்துப் போயிருக்கிறார். வெளியே கார் காத்திருக்கிறது. தட்டச்சர் தாளை நீட்டுகிறார். அவர் கையெழுத்துப் போடாமல், "படித்துக் காட்டுங்கள்" என்கிறார். அறையில் எல்லாரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். படிக்கிறார்கள். பதினோராவது வரியில் அவர் கை உயர்கிறது. "நான் அப்படிச் சொல்லவில்லை. 'இருக்கலாம்' என்று சொல்லவில்லை. 'அவர்தான்' என்று சொன்னேன்."

அன்புடன்,
விசாரணை நீதிமன்றங்களில் சாட்சிகளோடு பணிபுரியும் சிலர்